அம்மனுக்கு வரவு, ஆஸ்பத்திரிக்குப் பற்று

கல்யாணச் செலவுக்கு முகம் சுளிக்காதவன் உண்டு. சீட்டாட்டத்தில் தோற்றுவிட்டுச் சிரித்துக்கொண்டே வீட்டுக்குப் போகிறவனும் உண்டு. ஆஸ்பத்திரிக்குக் காசு கட்டிவிட்டுச் சந்தோஷமாகப் போனவன் ஒருவனைக்கூட நான் பார்த்ததில்லை. அதைப் பார்ப்பதையே வேலையாக வைத்திருந்தவன் சொல்கிறேன். காய்ச்சல் கொதிக்கும்போது, "ஐயா, உசுரக் காப்பாத்துங்க, என் எருமைய வித்தாவது கட்டிடுறேன்" என்பான். காய்ச்சல் இறங்கிய அன்று அந்த எருமை அவன் மச்சானுடையதாகிவிடும். கஞ்சி குடித்துத் தெம்பு வந்ததும் அப்படியொரு மச்சானே இல்லாமல் போய்விடுவான். ஆற்றைக் கடக்கும் வரை அண்ணன் தம்பி, அப்புறம் நீ யாரோ நான் யாரோ என்று முதலில் சொன்ன ஆள் நிச்சயம் எங்கேயோ ஓர் ஆஸ்பத்திரியில் கணக்கெழுதியிருக்க வேண்டும்.

நானும் எழுதினேன், மூன்றே மாதம். (மூன்று மாதம்தானா என்று உதட்டைப் பிதுக்க வேண்டாம். அது ஏன் அத்தோடு நின்றது என்பதைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.)

முப்பதுகளின் தொடக்கம். ரப்பர் விலை விழுந்து, துரைமார்கள் மெழுகுதிரியைக்கூட எண்ணிக் கொடுத்த காலம். யட்டியாந்தோட்டைக்கு மேலே சில தோட்டங்கள் கூட்டுச் சேர்ந்து ஒரு சின்ன ஆஸ்பத்திரி நடத்தின. தகரக் கூரை, ஆண்களுக்கு ஒரு வார்டு, பெண்களுக்கு ஒரு வார்டு, மழை பிடித்தால் இரண்டுக்கும் நடுவே ஓர் ஓடை. தோட்டத்துச் செக்ரோல் பதிவேட்டில் பேர் உள்ளவர்களுக்கான செலவைத் தோட்டமே கட்டிவிடும். மற்றவர்கள், அதாவது கடைக்காரர், வண்டிக்காரர், சிங்களக் கிராமத்தார், தொழிலாளர் லயத்து வீடுகளுக்கு விருந்தாடி வந்து அங்கேயே வயிற்றுப்போக்கு வாங்கிக்கொண்ட சொந்தக்காரர்கள் எல்லாரும் தங்கள் கையிலிருந்து கட்ட வேண்டும். இந்த 'வெளியாள் காசு' வசூலிக்கத்தான் ஒரு கிளாக்கர் வேண்டும் என்று துரைமார் கமிட்டி முடிவு செய்தது. அந்தக் கிளாக்கர் நான்.

என் அப்பா சில்லறைக் கங்காணி. பெரிய கங்காணி வீரமுத்துவிடம் கைமாற்று வாங்கி என்னை இங்கிலீஸ் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பியவர். படித்து முடித்த பிறகும் வேலை கிடைக்காமல், படித்த இங்கிலீசையெல்லாம் ரப்பர் மரங்களுக்குச் சொல்லிக்கொண்டே ஒரு வருஷம் பால் வெட்டினேன். அப்புறம் இந்த வேலை வந்தது. கமிட்டித் தலைவரான துரை, "மூணு மாசம் பாப்போம். சரியா செஞ்சா நெரந்தரம்" என்றார். அவ்வளவுதான், நிரந்தரம் என்ற சொல் எங்கள் லயத்தில் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்குப் பறந்தது. கேகாலைப் பக்கம் ஒரு தோட்டத்தில் எனக்குப் பெண் பார்த்திருந்தார்கள். பெண்ணின் தகப்பன் கணக்கப்பிள்ளை வீட்டில் பழகியவர், நாசூக்கானவர். "மாப்பிள்ளைக்கு வேல நெரந்தரமாவட்டும், அப்புறம் வெத்தல பாக்கு மாத்திக்கலாம்" என்று சொல்லி அனுப்பினார். அதனால் எனக்கு அந்த வேலை வெறும் வேலை அல்ல. அது போனால் பெண்ணும் இல்லை, அப்பாவின் கடனும் தீராது, நான் மறுபடி விடியற்காலையில் பால் வாளியைத் தூக்க வேண்டும்.

முதல் மாதம் நான் மிகவும் கண்ணியமாக நடந்துகொண்டேன். நல்ல தாளில், நல்ல கையெழுத்தில் பில் எழுதி, அதைக் கையிலேயே கொண்டுபோய்க் கொடுத்தேன். முதலில் போனது யட்டியாந்தோட்டைக் கடைத்தெருவில் ஜவுளிக்கடை வைத்திருந்த காசிம் நானாவிடம். முதுகில் பெரிய கட்டி வந்து, டாக்டர் ஐயா கத்தி வைத்து, ஒரு வாரம் வார்டில் கிடந்துவிட்டுப் போனவர். பில்லை மூக்குக்கண்ணாடிக்கு அருகே பிடித்து, துணியில் ஓட்டை தேடுகிற மாதிரி பார்த்தார். ('இருந்தது' என்பது அவர் வாயில் 'ஈந்தது' ஆகிவிடும்.)

"தம்பி, மருந்து சரி. கத்தி வெச்சதும் சரி. இந்தக் கட்டில் காசு என்னத்துக்கு?"

"நீங்க படுத்திருந்த கட்டிலுக்குத்தான் நானா."

"நான் எங்க தம்பி படுத்தேன்? கட்டி ஈந்தது முதுகில. ஏழு நாளும் குந்திக்கிட்டுத்தானே ஈந்தேன்? ஒங்கட ஆயா அங்கம்மாகிட்ட கேட்டுப் பாருங்க."

"அப்ப கஞ்சி?"

"கஞ்சிய நான் கேட்டேனா? தந்தாங்க, குடிச்சேன். வீட்டுக்கு வந்தவங்களுக்குக் குடுக்கிற கஞ்சிக்கு ஆராச்சும் காசு கேப்பாங்களா?"

இப்படியே ஒவ்வொரு வரியாக அடித்துக்கொண்டு வந்து, கடைசியில் மருந்துக்கும் ஒரு சின்னக் கழிவு கேட்டார். 'மொத்த வியாபாரத்துக்கு எப்படி' என்று வேறு விசாரித்தார். நான் வாதாடி வாதாடித் தொண்டை வறண்டு நிற்கையில் வெளியே மழை கொட்டத் தொடங்கியது. காசு வசூலிக்கப் போன நான் அவர் கடையில் ஒரு குடை வாங்கிக்கொண்டு திரும்பினேன், அதுவும் கடனுக்கு.

கிராமத்து அப்புஹாமி வேறு ரகம். பாம்பு கடித்துப் பிழைத்தவர். நான் அவர் வீட்டு வாசலில் தலை காட்டினாலே எழுந்து நின்று, ஒரு குரும்பை இளநீரைச் சீவிக் கையில் கொடுத்து, "ஹெட்ட கெவன்னம் மாத்தயா" என்பார். நாளைக்குக் கட்டிவிடுகிறேன் ஐயா என்று அர்த்தம். அந்த முகத்தைப் பார்த்தால் நாளைக்கு என்ன, இப்போதே கொடுத்துவிடுவார் என்று தோன்றும். நானும் விடாமல் போனேன், அவரும் விடாமல் குரும்பை வெட்டினார். அவருடைய நாளை மட்டும் பஞ்சாங்கத்தில் வரவே இல்லை. வெளியூரிலிருந்து விருந்தாடி வந்தவர்களைக் கேட்டால், "எங்க தோட்டம் பதுளப் பக்கமுங்க, அங்க வந்து வாங்கிக்கங்க" என்று வழி சொன்னார்கள். ஒரு வண்டிக்காரன் தையல் பிரிக்கும் முன்பே பின்பக்க வேலி வழியாக ஓடிவிட்டான். ஓடிய ஓட்டத்தில் தையல் தானே பிரிந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

இரண்டாவது மாதம் முடிகையில் டாக்டர் ஐயா என்னைக் கூப்பிட்டார். கொழும்புப் பறங்கி மனிதர், கை சுத்தம், வாய் மட்டும் கொஞ்சம் காரம்.

"சுப்பையா, தையல் போட நூல் இல்ல. பாண்டேஜ் துணி இருக்கிறதே கொஞ்சம். வாற மாசக் கடைசியில துரை வருவார். வெளியாள் காசு மேசையில இல்லாட்டி ஒன்னக் காப்பாத்த என்னால ஏலாது."

அன்று மாலை பெண்கள் வார்டு வழியாக வந்துகொண்டிருந்தேன். ஊர் முழுவதின் மேலும் எனக்கு எரிச்சல். வேறொரு வண்டிக்காரரின் மனைவி தன் பிள்ளையின் கட்டிலருகே உட்கார்ந்திருந்தாள். அன்று காலையில்தான், வீட்டில் ஒரு சதம்கூட இல்லை என்று பிள்ளையின் தலையில் கை வைத்துச் சொல்லியிருந்தாள். இப்போது மடியிலிருந்து முழுசாக ஒரு ரூபாயை எடுத்து, மஞ்சள் தண்ணீரில் நனைத்த துணியில் வைத்து இறுக முடிந்து, கட்டில் கம்பியில் கட்டினாள்.

"என்னம்மா இது?" என்றேன், வயிறு எரிய.

"மாரியாத்தாளுக்குங்க. புள்ளைக்கு நல்லபடியா ஆனதும் கோயில்ல போட்டுருவேன்."

"போடாம விட்டா?"

அவளை நான் அறைந்துவிட்டது போல நிமிர்ந்து பார்த்தாள். "சாமி காச யாராச்சும் வச்சுக்குவாங்களாங்க?"

மாரியம்மன் யாருக்கும் பில் எழுதுவதில்லை. ஆள் அனுப்புவதில்லை, குடை வாங்குவதில்லை, குரும்பை குடிப்பதுமில்லை. ஆனாலும் அவளுக்கு வராத கடன் என்று ஒன்று கிடையாது. மருந்து கொடுத்தது நாம், ஊசி போட்டது நாம், வசூல் மட்டும் அம்மனுக்கு! இந்த அநியாயத்தைச் சரிசெய்ய வேண்டியது படித்தவனான என் கடமை என்று பட்டது. (படித்தவனுக்குக் கடமை என்று படுகிற நேரத்தில் பக்கத்தில் இருப்பவர்கள் அவனைப் பிடித்துக் கட்டிப் போட வேண்டும். எனக்கு அப்படி யாரும் வாய்க்கவில்லை.)

மறுநாளே வேலையைத் தொடங்கினேன். வார்டு ஆயா அங்கம்மாவிடம் விஷயத்தைச் சொன்னேன். அவள் கண்கள் விரிந்தன. "இத்தன நாளா இந்த மூளைய எங்கங்க வச்சிருந்தீங்க கிளாக்கரய்யா?" என்று கேட்டுவிட்டு, ஸ்டோரில் இருந்த பாண்டேஜ் துணியில் ஒரு சுருளை எடுத்துப்போய் மஞ்சளில் முக்கி, கொடியில் காயப்போட்டாள். நான் குயினைன் மருந்து வந்த மரப்பெட்டி ஒன்றை எடுத்து, ஆசாரியைக் கொண்டு மேலே ஒரு பிளவு போடவைத்து, பூட்டு மாட்டி, தாழ்வாரத்தில் நிறுத்தினேன். அன்று வெள்ளிக்கிழமை. ஒரு லட்சணத்துக்காக இருக்கட்டும் என்று பெட்டிக்கு நானே மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்தேன். அங்கம்மா கற்பூரம் கொளுத்தினாள். தடுத்திருக்கலாம், தடுக்கவில்லை.

முறை இதுதான். வெளியாள் ஒருவர் வார்டில் சேர்ந்ததும், ஆகக்கூடிய செலவைச் சொல்லி, அந்தக் காசை மஞ்சள் துணியில் முடிந்து அவர்கள் கட்டிலிலேயே கட்ட வைப்பது. குணமாகி எழுந்ததும் அந்த முடிச்சை அவர்களே பெட்டியில் போட வேண்டும். பெட்டியில் விழுந்ததும் நான் என் கணக்கில் அவர்கள் பேருக்கு நேரே 'கட்டியாயிற்று' என்று எழுதிவிடுவேன். காசு யாருக்கு என்று அவர்கள் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. கேட்காத கேள்விக்குப் பதில் எழுதாதே என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக் கொடுத்திருந்தார்கள்.

ஆகா, அந்த வசூல்! எழுந்து நடக்கத் தெம்பு வந்ததும் நோயாளிகள் முதலில் போனது பெட்டிக்குத்தான். வேலி வழியாக ஓடின வண்டிக்காரன் முன்வாசல் வழியாகத் திரும்பி வந்து, பழைய பாக்கியை முடிந்து போட்டுவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டான். காசிம் நானா ஒரு நாள் சும்மா எட்டிப் பார்த்தார். "மஞ்சள் எங்களுக்குச் சரிவராது தம்பி" என்று தாடியைத் தடவினார். எந்த நிறமானால் என்ன என்று நான் பெருந்தன்மையாகச் சொல்லிவிட்டேன். பச்சைத் துணியில் முடிந்து கொண்டுவந்து போட்டார், கட்டில் காசையும் சேர்த்து. சிங்களவர்களிடம் இதே வழக்கம் 'பண்டுர' என்ற பேரில் இருக்கிறது, வெள்ளைத் துணியில் காசை முடிந்து வைப்பார்கள். அப்புஹாமி பண்டுரத்தோடு வந்து நின்ற காலையில் எனக்குக் கண் கலங்கிவிட்டது. அவருடைய நாளை வந்தேவிட்டது என்று நினைத்தேன். இங்கிலாந்தில் இருக்கிற பெரிய ஆஸ்பத்திரிகளே என்னிடம் ஆள் அனுப்பிக் கற்றுக்கொண்டு போகலாம் என்றெல்லாம் கனவு கண்டேன்.

சில நாட்களில் நோயே இல்லாதவர்களும் வரத் தொடங்கினார்கள். பிள்ளை இல்லாதவர்கள், மாடு தொலைந்தவர்கள், மாமியாரோடு ஆகாதவர்கள் எல்லாரும் வந்தார்கள். வெள்ளிக்கிழமைகளில் தாழ்வாரத்தில் நடக்க இடம் இருக்காது. செருப்பு போட்டிருந்த ஒரே மனிதரான டாக்டர் ஐயாவை ஒரு கிழவி, "செருப்ப வெளிய கழட்டி வச்சுட்டு வாங்க சாமி" என்று அதட்டினாள். முன்பெல்லாம் குயினைன் மிக்ஸரைக் கண்டால் ஜன்னல் வழியாகத் துப்புகிறவர்கள், இப்போது அதை உள்ளங்கையில் ஏந்திக் கண்ணில் ஒற்றிக் குடித்துவிட்டு, ஈரக் கையைத் தலையில் துடைத்துக்கொண்டார்கள். அங்கம்மா வார்டில் மருந்து கொடுக்கும்போதே நெற்றியில் விபூதியும் இட்டுக்கொண்டு போனாள். ஒரு நாள் டாக்டர் ஐயாவின் மேசைக் காலில் ஒரு சேவல் கட்டியிருந்தது.

"கிளாக்கர்! இது ஆஸ்பத்திரியா, கோயிலா?"

"வசூல் சேர்" என்றேன், பெட்டியைத் தட்டிக் காட்டி. உள்ளே காசு குலுங்கிய சத்தம் கனமாகக் கேட்டது. டாக்டர் ஐயா அந்தச் சத்தத்தைக் கொஞ்ச நேரம் கேட்டார். தையல் நூல் அவர் கண்ணுக்குள் ஓடியிருக்க வேண்டும். சேவலை மட்டும் அவிழ்த்துவிடச் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். அந்தச் சேவல்மேல் எனக்கு இன்றைக்கும் கோபம் உண்டு. அதைப் பார்த்த அன்றைக்காவது எனக்கு உறைத்திருக்க வேண்டாமா?

மாதக் கடைசி வந்தது. நான் கோட்டு இரவல் வாங்கிப் போட்டுக்கொண்டு நின்றேன். அப்பா புது வேட்டி கட்டி, வரும் வழியில் முடக்குத் திருப்பத்தில் இருந்த பலா மரத்தடியில் நின்றுகொண்டார். சேதி கேட்டதும் பெண் வீட்டுக்கு ஆள் அனுப்ப வேண்டுமாம். துரை வந்தார். டாக்டர் ஐயா பெட்டியைக் காட்டினார். நான் சாவியை எடுத்தேன்.

அப்போதுதான் தப்பு மேளச் சத்தம் கேட்டது. முதலில் தூரத்தில் யார் வீட்டிலோ விசேஷம் என்று நினைத்தேன். சத்தம் எங்கள் மேட்டிலேயே ஏறி வந்தது. முன்னால் தலைப்பாகையும் வெள்ளிப்பூண் தடியுமாகப் பெரிய கங்காணி வீரமுத்து, அவர் பின்னால் பூசாரி, அவர் பின்னால் லயத்துச் சனம் முழுவதும். பெட்டிக்குப் பிடிப்பதற்கு ஒரு பூக்குடைகூடக் கொண்டு வந்திருந்தார்கள்.

"சலாம் தொர" என்றார் கங்காணி. "அம்மன் உண்டியல எடுத்துக்கிட்டுப் போக வந்திருக்கோமுங்க."

"கங்காணியாரே, இது ஆஸ்பத்திரிக் காசுங்க!" என்று நான் பதறினேன்.

அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "தம்பி, நீ படிச்ச புள்ள. மஞ்சத் துணியில முடிஞ்சு, கட்டில்ல கட்டி, கும்புட்டுப் போட்ட காசு எப்புடிப்பா ஆஸ்பத்திரிக் காசாவும்? பொட்டிக்குப் பொட்டு வச்சது நீதானே?"

நான் வாயெடுப்பதற்குள் காசிம் நானா வந்துவிட்டார். "எல்லாத்தையும் அம்மன் கோயிலுக்குக் கொண்டு போக ஏலா கங்காணியார். பச்ச முடிச்செல்லாம் எங்கட பள்ளிவாசலுக்கு நேந்தது." அப்புஹாமியும் கிராமத்தார் நாலு பேரும் வந்து, வெள்ளை முடிச்செல்லாம் தங்கள் கிராமத் தெய்வத்தின் கோயிலுக்கு என்று அமைதியாகச் சொன்னார்கள். நான் கோட்டுக்குள் வெந்துகொண்டிருந்தேன்.

துரைக்குத் தமிழ் நன்றாகத் தெரியும், மரியாதை விகுதிகள் மட்டும் தெரியாது. "சத்தம் போடாதே" என்று கையை உயர்த்தினார். வண்டிக்காரரின் மனைவியைக் கூப்பிட்டார். "நீ ஆஸ்பத்திரிக்குக் காசு குடுத்தியா?"

"இல்லீங்க தொர, இன்னும் குடுக்கல" என்றாள் அவள், கண் இமைக்காமல்.

"நீ?" என்று ஓடிப்போன வண்டிக்காரனைக் கேட்டார்.

"பாக்கி இருக்குதுங்க தொர."

காசிம் நானா, கொஞ்சம் நெளிந்து, "எனக்கும் பாக்கிதான் தொர. கட்டில் காசு பத்திக் கொஞ்சம் பேச ஈக்கி" என்றார்.

"ஏன் குடுக்கல?" என்று துரை உறுமினார்.

வண்டிக்காரரின் மனைவிதான் எல்லாருக்குமாகப் பதில் சொன்னாள். "கிளாக்கரய்யா இந்த மாசம் பில்லே குடுக்கலீங்களே! கேட்டா குடுக்க மாட்டோமா?"

துரை என் கணக்குப் புத்தகத்தை வாங்கிப் பிரித்தார். பக்கம் பக்கமாக, என் நல்ல கையெழுத்தில், கட்டியாயிற்று, கட்டியாயிற்று, கட்டியாயிற்று. அந்தச் சனம் பொய் சொல்லவில்லை. அதுதான் எனக்கு இன்றைக்கும் பொறுக்க முடியாத விஷயம். அவர்கள் கணக்கில் சாமி கடன் தீர்ந்திருந்தது, ஆஸ்பத்திரிக் கடன் அப்படியே இருந்தது. என் கணக்கில் ஆஸ்பத்திரிக் கடன் தீர்ந்திருந்தது, காசு மட்டும் இல்லை. பழைய பாக்கிகளையும் சேர்த்து அடித்துவிட்டிருந்தேன். இனி எந்த முகத்தோடு போய்க் கேட்பது?

பெட்டியை அங்கேயே திறந்தார்கள். பூசாரி ஒரு பக்கம், காசிம் நானா ஒரு பக்கம், அப்புஹாமி ஒரு பக்கம். மஞ்சள், பச்சை, வெள்ளை என்று சண்டையே இல்லாமல் மூன்று குவியல் பிரிந்தது. மஞ்சள் முடிச்சுகளில் ஒன்று மட்டும் மற்றதைப் போல இல்லை. இரண்டு சுற்றுச் சுற்றி, மறுபடி ஒரு சுற்று வைத்து இழுத்து, நுனியைக் கத்தரியால் ஒரே அளவாக வெட்டியிருந்தது. வயிற்றைக் கிழித்துத் தைக்கிறவர்கள் மட்டும் போடுகிற முடிச்சு அது. அங்கம்மா அதைப் பார்த்தாள், நான் பார்த்தேன், துரையும் பார்த்தார். டாக்டர் ஐயா கூரையில் ஒழுகும் இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய மகள் அந்த மாதம் கண்டியில் பரீட்சை எழுதியிருந்தாள்.

"அது அம்மனுக்கே போகட்டும்" என்றார், கூரையிடம்.

துரை அவரை விட்டுவிட்டு வார்டுப் பக்கம் திரும்பினார். காலில் கத்தி பட்ட ஒரு தொழிலாளிக்குக் கட்டுப்போட்டிருந்தது. அந்தக் கட்டு மஞ்சளாக இருந்தது. ஸ்டோரில் பாண்டேஜ் துணி எங்கே என்று கேட்டார். ஆஸ்பத்திரியின் பாண்டேஜ் முழுவதும் சுருள் சுருளாக மஞ்சளில் முங்கி, முடிச்சு முடிச்சாகப் பூசாரியின் குவியலில் கிடந்தது.

மூன்று குவியலிலும் சேராமல் பெட்டியின் அடியில் ஒன்று மிஞ்சியிருந்தது, ஒரு சட்டைப் பித்தான். துரை அதைக் குனிந்து எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார்.

"இது ஆஸ்பத்திரி வசூல்" என்றார். "நீ நாளைக்கு வராதே."

தப்பு முழங்க, பூக்குடை பிடித்து, என் குயினைன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனார்கள். நான் கோட்டைக் கழற்றிக் கையில் போட்டுக்கொண்டு இறங்கினேன். முடக்கில் பலா மரத்தடியில் அப்பா நின்றார். ஊர்வலம் அவரைத் தாண்டித்தான் போயிருந்தது, எல்லாம் தெரிந்திருக்கும். ஒன்றும் கேட்காமல் என் கையிலிருந்த கோட்டை வாங்கி, மடித்து, தன் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார். அவர் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அன்றைக்கு வழி நெடுக அழுதேன். மறுநாள் விடியற்காலையில் பால் வாளியைத் தூக்கினேன்.

பெண் வீட்டார் சேதி கேட்டு, தட்டை மாற்ற வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். கொஞ்ச நாள் கழித்துக் காசிம் நானா இரக்கப்பட்டு என்னைத் தன் ஜவுளிக்கடையில் கணக்கெழுத வைத்துக்கொண்டார். "எழுத்து நல்லா ஈக்கி தம்பி. கடன் வசூலுக்கு மட்டும் ஒங்கள அனுப்ப மாட்டேன்" என்று முதல் நாளே சொல்லிவிட்டார். குடைக் கடனைச் சம்பளத்தில் பிடித்துக்கொண்டார். கட்டில் காசைப் பற்றி ஆஸ்பத்திரியோடு கடைசிவரை பேசிக்கொண்டே இருந்தார்.

என் மஞ்சள் முடிச்சுக் காசில் தோட்டத்து அம்மன் கோயிலுக்கு முன்மண்டபம் கட்டினார்கள். அடுத்த வருஷத் திருவிழாவில் அதைத் திறந்தார்கள். திறந்த பிறகுதான் தூணைப் பார்த்தேன். கேகாலையிலிருந்து வந்த கல்தச்சன் ஆழமாக வெட்டியிருந்தான்: 'ஆஸ்பத்திரிக் கிளாக்கர் சுப்பையா உபயம்.'

கங்காணியைப் பிடித்தேன். "என்னங்க இது? நான் ஒரு சதம் குடுக்கலீங்களே! கிளாக்கர் வேலையும்தான் போச்சே!"

"உண்டியல் வச்சவன் பேரப் போடாம வேற யார் பேரப் போடுறது? எங்களாலதானே ஒனக்கு வேல போச்சு, பேராவது நிக்கட்டும்" என்றார் அவர். "வெறும் சுப்பையான்னு போட்டா எந்த சுப்பையான்னு கேப்பானுங்க. தோட்டத்துல ஆறு சுப்பையா இருக்கானுங்கப்பா."

நான் தலையில் கை வைத்துக்கொண்டு நிற்கையில், திருவிழாவுக்கு வந்திருந்த அந்தக் கேகாலைக் கணக்கப்பிள்ளை வீட்டுப் பழக்கக்காரர், பெண்ணின் தகப்பன், தூணை மேலிருந்து கீழ்வரை ஒரு முறை வாசித்தார். பிறகு விரலால் எழுத்தைத் தடவிப் பார்த்தார். பிறகு என் அப்பாவிடம் போய், "கல்லுலயே வெட்டி வச்சிருக்காங்க. இதுக்கு மேல என்ன நெரந்தரம் வேணும்?" என்றார். அந்த மாதமே வெற்றிலை பாக்கு மாற்றினார்கள். நான் வாயைத் திறக்கவில்லை. வசூலில் என் பக்கம் தங்கியது அந்த ஒன்றுதான், அதையும் ஏன் விட வேண்டும்?

அதன் வட்டியைத்தான் இத்தனை வருஷமாகக் கட்டிக்கொண்டிருக்கிறேன். இந்தப் பக்கத்தில் எந்தக் கோயிலுக்குச் சுவர் எழும்பினாலும், எந்தப் பள்ளிக்கூடத்துக்குக் கூரை வேய்ந்தாலும், ரசீதுப் புத்தகத்தோடு முதலில் ஏறுவது என் வீட்டுப் படியைத்தான். போன வாரம்கூட வந்தார்கள். நான் ஒரு மண்டபமும் கட்டவில்லை, அது ஊர்க்காசு, நான் ஜவுளிக்கடையில் கணக்கெழுதிப் பிழைத்தவன் என்று ஆதியிலிருந்து சொன்னேன். எல்லாவற்றையும் மரியாதையாகக் கேட்டுவிட்டு, "பெரிய மனசுக்காரங்க இப்புடித்தான் சொல்லுவாங்க. தூணுல பேரு இருக்குதுங்களே ஐயா" என்று பேனாவைத் திறந்தார்கள். பேரப்பிள்ளைகள் கதவுக்குப் பின்னால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். அடுத்து என்ன வரும் என்று அவர்களுக்குத் தெரியும். நான் பல்லைக் கடித்துக்கொண்டு நிற்க, அடுக்களையிலிருந்து என் மனைவியின் குரல் வந்தது.

"கல்லானாலும் கணவன்னு ஊருல சொல்லுவாங்க. எனக்கு அந்தக் கல்லாலதான் கணவனே கெடைச்சாரு. பேசாம குடுத்து அனுப்புங்க."